அறுபது மில்லிமீட்டர் ஸ்டெம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், எதிர்வீட்டு டீச்சர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். சிலிண்டர்காரர் கையெழுத்து வாங்கத்தான் நின்றார். நீ பந்தய சைக்கிள் கட்டப்போகிறாய் என்ற இடம் வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டறை இரைச்சலில் உன் அத்தானுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் உன் கடிதங்களைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் படிக்க வேண்டியிருக்கிறது.

இறைவன் அருளால் நாங்கள் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வேலையில் லிஃப்ட் குழிகளில் இறங்கும்போது பெல்ட் போடுகிறாயா?

எனக்கு இன்னும் திகைப்பு அடங்கவில்லை. நாற்பத்தொரு வயதில் பந்தய சைக்கிளா? அதுவும் 'கட்டுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். சைக்கிள் என்றால் கடையில் முழுசாக விற்கிற சாமான் என்றல்லவா நினைத்திருந்தேன். உடம்பு தனி, சக்கரம் தனி, ஹேண்டில்பார் தனி என்று வாங்கி, அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி பூட்டிக்கொள்வார்களாம். அந்த ஹேண்டில்பாரை சைக்கிளின் கழுத்தோடு பிடித்து வைக்கிற சின்னத் துண்டுக்குப் பெயர் ஸ்டெம்மாம். அதை அத்தானிடம் கேட்டு வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாய். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க செய்யறது இதுதானா?"

"பின்னே? இத்தனை வருஷமா என்ன செய்யறேன்னு நெனச்சே?"

"ஏதோ இரும்புச் சாமான்னு நெனச்சேன்."

"அலுமினியம்!" என்று அவருக்கு வந்ததே கோபம். சிலிண்டர்காரர் சிரித்துவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் எதைக் கடைகிறார் என்பதை உன் கடிதத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்டெம்மில் பல நீளம் இருக்கிறதாம். "நீளம் கூடினா ஆள் மேலே படுத்துக்கிட்டு ஓட்டணும். குறைஞ்சா கையை மடக்கி முட்டிக்கால்ல இடிச்சுக்கணும். அந்த நெட்டையனுக்கு நூறு மில்லிமீட்டர் சரியா இருக்கும்" என்கிறார். நீயும் ஒரு வார்த்தை எழுதிவிடு.

இன்னொன்று. டீச்சரின் ஒன்றுவிட்ட தங்கை நூலகத்தில் வேலை பார்க்கிறாள். நல்ல அமைதி. உன் போட்டோவைக் கேட்டார்கள், கொடுத்திருக்கிறேன். மறுக்காதே. என் பிரார்த்தனையில் முதலில் நிற்பது உன் கல்யாணம்தான். அது முடிந்தால்தான் அடுத்ததுக்கு நகர முடியும்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், பெல்ட்டும் போடுகிறேன். அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். அவர் செய்வது அலுமினியம் என்பது எனக்கு முன்பே தெரியும் என்றும் சொல்.

சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது. ஃபிரேம் சுவரில் தொங்குகிறது. சக்கரங்கள் கட்டிலுக்கு அடியில். செயின் இன்னும் டப்பாவில். துணி காயப்போடும் கொடியில் பிரேக் கேபிளைத் தொங்கவிட்டு ஒருநாள் திட்டு வாங்கினேன்.

ஸ்டெம் மட்டும் நூறு வேண்டாம். அறுபது போதும். கொஞ்சம் மேல்நோக்கி நிற்கிற மாதிரி இருந்தால் நல்லது. அறுபது அவர்கள் பட்டறையில் குறைவாகத்தான் செய்வார்கள் என்று தெரியும். எப்படியாவது ஒன்று பார்க்கச் சொல். அவசரம் இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் கொஞ்சம் அவசரம்தான்.

டீச்சரிடமிருந்து அந்தப் போட்டோவைத் திருப்பி வாங்கிவிடு அக்கா. அதைப்பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

அறுபது என்று நான் படித்ததும் அத்தான், "சரியாப் படி" என்றார். மறுபடி படித்தேன். "அவன் கையை முழங்கையோட வெட்டிட்டாங்களா?" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் கை நீளம் எனக்குத் தெரியாதா? எந்த ரெடிமேட் சட்டையும் உன் மணிக்கட்டை எட்டாது என்பதால்தானே இன்றைக்கும் உனக்கு நான் தைத்து அனுப்புகிறேன்? தோளிலிருந்து மணிக்கட்டு வரை உன் அளவு என் கத்தரிக்கோலுக்கே மனப்பாடம். அந்தக் கைக்கு நூறுதான் சரி. நீ அறுபது கேட்கிறாய். அதுவும் மேல்நோக்கி.

"இப்படி யாருங்க கேப்பாங்க?" என்று விடாமல் பிடித்துக்கொண்டேன். கடைசியில், "குனிய முடியாதவங்க கேப்பாங்க. இடுப்பு மடங்காதவங்க" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன வருஷம், உங்கள் ஆட்களில் ஒருவர் லிஃப்ட் குழியில் தவறி விழுந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அந்த ஒருவர் நீயா? உண்மையைச் சொல். 'துணி கொடியில் கேபிளைத் தொங்கவிட்டுத் திட்டு வாங்கினேன்' என்று எழுதுகிறாயே, தனியாக இருக்கிறவனைத் திட்ட யார் இருக்கிறார்கள்? உன்னைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் யாராவது வருகிறாளா? நான் கேட்டது நாலு, நீ சொன்னது ஒன்று. மிச்சம் மூன்றும் என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

அத்தான் நூறிலும் ஒன்று, அறுபதிலும் ஒன்று கொண்டுவந்துவிட்டார். இரண்டும் அலமாரியில், காகிதத்தில் சுற்றியபடி இருக்கின்றன. நீ நிமிர்ந்து நடக்கிறாய் என்று உன் கையெழுத்தில் வந்த பிறகுதான் எதையும் அனுப்புவேன். அதுவரை ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன். இறைவனிடம் சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது.

கலங்கிப்போயிருக்கும்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

முதலில் சாப்பிடு.

நான் விழவில்லை. குழியில் விழுந்தது வேறொருவர், அவரும் இப்போது வேலைக்கு வருகிறார். என் இடுப்பு மடங்குகிறது, கை இரண்டும் அதே நீளத்தில் இருக்கின்றன. நான் சொல்லாமல் விட்டதால் நீ பட்டினி கிடக்கிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அதனால் இனி மறைக்கப்போவதில்லை.

அந்த சைக்கிள் எனக்கு இல்லை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு. அவள் என் மனைவியின் மகள்.

ஆமாம் அக்கா, மனைவி. எனக்குக் கல்யாணமாகி இது இரண்டாவது வருஷம். அவள் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய முதல் கல்யாணம் கோர்ட்டில் முடிந்தது. அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுபோனபோது அம்மாவும் மகளும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நான் மேலிருந்து கதவை நெம்பி எட்டிப் பார்த்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். சின்னவள் அண்ணாந்து, "அண்ணே, ஏணி கொண்டு வந்திருந்தா இதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்றாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு ஏணி. லிஃப்ட் மெக்கானிக்கை ஏணி என்று கூப்பிடுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். வேறெப்படியும் கூப்பிடு என்று நான் கேட்டதும் இல்லை.

பள்ளி சைக்கிள் குழுவுக்கு ஜூன் மாதம் ஆள் எடுக்கிறார்கள். அவள் காற்று மாதிரி ஓட்டுகிறாள். கிடைத்ததில் சின்ன ஃபிரேமைத்தான் வாங்கினேன், அதுவும் அவளுக்கு நீளம். ஸ்டெம் அறுபதாக இருந்தால்தான் அவள் கை எட்டும். வளர வளர எண்பது, தொண்ணூறு என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு கடிதத்திலும் என் கல்யாணத்துக்காக வேண்டிக்கொள்வதாக எழுதினாய். அது முடிந்துவிட்டது என்று எழுதப் பேனாவை எடுப்பேன். எழுதினால் நீ அந்தப் பிரார்த்தனையையும் என்னையும் சேர்த்து நிறுத்திவிடுவாயோ என்று வைத்துவிடுவேன்.

இவர்கள் இரண்டு பேரும் உன் கடிதம் வரும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள். சின்னவள் உன்னை அத்தை என்றுதான் சொல்கிறாள்.

இந்த ஒரு கடிதத்தை மட்டும் சத்தமாகப் படிக்காதே அக்கா. தனியாகப் படி.

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

'தனியாகப் படி' என்பதைக் கடைசி வரியில் எழுதுகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அன்று இருந்தவர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான், உன் அத்தான், டீச்சர், நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் தங்கை, அந்தத் தங்கையின் அம்மா. முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "மாப்பிள்ளை லெட்டர் வந்திருக்கு போல, படிங்களேன், எப்படி எழுதறார்னு கேப்போம்" என்று அந்த அம்மாவே ஆசையாகச் சொன்னார்கள். நானும் பெருமையாகப் பிரித்தேன்.

நடுவில் நிறுத்தியிருக்கலாமே என்பாய். நான் படிக்கும்போது கண் ஒரு வரி முன்னால் போகும், வாய் பின்னால் வரும். அன்று 'மனைவி' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை. கோர்ட், லிஃப்ட், ஏணி எல்லாம் தெருவுக்கே கேட்கிற குரலில் வந்துவிட்டது. அத்தான் வேறு, "என்னது, யார் மனைவி?" என்று காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிக் கேட்கிறார்.

அந்த அம்மா எழுந்து, "கெளம்பலாம்" என்றார்கள். வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. அந்தப் பெண் மட்டும் வாசலில் திரும்பி, "அந்தப் பிள்ளை நல்லா ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் என்னை அறைந்த மாதிரி இருந்தது. டீச்சர் அன்றைக்குப் பிறகு நம் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை.

முன்னே கல்யாணமானவள் என்பது என் மனசுக்கு ஏறவில்லை என்பது உண்மைதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதையெல்லாம் விடு. இரண்டு வருஷம், ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றுக்காக நான் முழங்கால் தேய வேண்டிக்கொண்டிருந்தேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைத் தூக்கி வளர்த்தவளிடம் சொல்ல உனக்கு ஒரு தபால்தலை கிடைக்கவில்லை.

இதோடு ஸ்டெம் வருகிறது. நூறு. "அந்தப் புள்ளைக்கு அறுபதுதானே?" என்றார் அத்தான். என் தம்பிக்கு நூறு. எனக்குத் தெரிந்த அளவு அதுதான். வேறு யாருடைய அளவும் எனக்குத் தெரியாது.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே. இங்கே எல்லாரும் நலம்.

பார்சல் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பள்ளியிலிருந்து வந்த சின்னவள்தான் வாங்கிப் பிரித்திருக்கிறாள். என் பெயர் எழுதிய உறையை அவள் தொடவில்லை, அந்த விஷயத்தில் ஒழுங்கு. நான் வீட்டுக்குள் நுழையும்போது ஸ்டெம் துடைத்து, மேஜை நடுவில், மடித்த துண்டின்மேல் இருந்தது. "ஏணி! அத்தை எனக்கு அனுப்பியிருக்காங்க!" என்று கத்தினாள். மாடிவீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள்.

உன் கடிதத்தை நான் பிறகு படித்தேன்.

அத்தானின் வேலை அருமை. ஓரம் எங்கும் பிசிறே இல்லை. மாட்டியாயிற்று.

டீச்சரிடமும் அந்தப் பெண்ணிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லை என்றுமட்டும் யாரையாவது எழுதச் சொல்.

சின்னவள் போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 30

மாப்ளே,

நான் கார்டு எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய். உன் அக்காவுக்குத் தெரியாமல் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவள் உடம்பு நன்றாக இருக்கிறது. வாய்தான் சரியில்லை, பேசுவதில்லை. உன் கடைசிக் கடிதத்தை மெதுவாக, தனக்குள்ளேயே படித்தாள். "என்ன எழுதியிருக்கான்?" என்றேன். "ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு நானே அதை எடுத்துப் படித்தேன். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறாள். இப்படி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பிள்ளை எப்படி விழுந்தது? நூறைத்தான் மாட்டினாயா? அவ்வளவு சின்ன உடம்புக்கு அதை மாட்டலாமா? நீ தெரியாதவன் இல்லையே. அதைக் கடைந்தவன் நான் என்பதால் கேட்கிறேன். மழுப்பாமல் எழுது. கடிதத்தை உன் அக்கா பெயருக்கே போடு, எனக்குத் தனியாகத் தபால் வந்தால் வீட்டில் இன்னொரு பூகம்பம் வரும்.

அத்தான்

மே 14

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் உங்கள் தம்பியின் மனைவி. உங்களுக்கு நான் எழுதலாமா என்று தெரியவில்லை. அண்ணனின் கார்டுக்கு உங்கள் தம்பி நாலு தடவை பதில் எழுதி நாலையும் கிழித்துப்போட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய ஸ்டெம்மை மகள் தனக்கு வந்தது என்று நினைத்துவிட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இவருக்கு விஷயம் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, 'இது உனக்கு இல்லை' என்று சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் பக்கத்து ஆட்களிடமிருந்து அவளுக்கு எந்தப் பொருளும் வந்ததில்லை அண்ணி. அவள் பேருக்கு என்று அவள் நினைத்து வாங்கிய முதல் பார்சல் அது.

"நீளமா இருக்குடா, வேற மாத்திக்கலாம்" என்று இவர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். "அத்தை பாத்துப் பாத்து அனுப்பினதை மாத்தறதா? உனக்கு மரியாதையே தெரியல ஏணி" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். வீட்டு வாசலில் மட்டும் ஓட்டு என்று மாட்டிக் கொடுத்தார். வாசலில் நிற்கிற பெண்ணா அவள்?

பிரேக் பிடிக்கிற இடம் வரை அவள் கை எட்டவில்லை. அதனால் ஹேண்டில்பாரின் நடுவிலேயே, ஸ்டெம்முக்கு ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். அங்கே பிரேக் கிடையாது. தண்ணீர்த் தொட்டிச் சரிவில் இறங்கும்போது குறுக்கே தள்ளுவண்டி வந்திருக்கிறது. கையை நீட்டிப் பிரேக்கைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. தோள்பட்டை எலும்பு உடைந்து, தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். முன்பல் பாதி போய்விட்டது. 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று உங்களுக்கு எழுதியது இதைத்தான்.

நாங்கள் சொல்லாமல் விட்டோம். மாட்டிக் கொடுத்ததும் நாங்கள்தான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் எந்த ஸ்டெம்மும் அனுப்பியிருக்க மாட்டேன்.

ஆனால் ஒரு உதவி வேண்டும். சைக்கிளிலிருந்து இவர் அந்த ஸ்டெம்மைக் கழற்றி வைத்தார். மறுநாள் பார்த்தால், ஒரு கை கட்டுப் போட்டுத் தொங்க, மறு கையால் அவளே திரும்ப மாட்டியிருக்கிறாள். போல்ட்டைப் பாதிதான் முறுக்கியிருந்தாள். நான் கத்திவிட்டேன். "கை சரியானதும் இதுலயேதான் ஓட்டுவேன். இப்ப பத்தலைன்னா என்ன, நான் இதுக்கேத்த மாதிரி வளர்ந்துக்கறேன்" என்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் பேச்சு அவள் காதில் ஏறவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். என்ன எழுத வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்கள் விருப்பம்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி

மே 21

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அம்மாவின் கடிதம் இன்று காலை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், உன் மாமா வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் எழுந்தேன்.  

தோள் எப்படி இருக்கிறது? ராத்திரி வலிக்கிறதா? எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாய்? பல் உடைந்த இடத்தில் நாக்குப் போய்ப் போய் வரும், அதைத் தடுக்க முடியாது. டாக்டர் சொன்னதை மட்டும் மீறாதே.

நான் உன் அத்தை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்லதாக மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். 'நீளத்தைத் தப்பாக எடுத்துவிட்டேன்' என்று எழுதினால் உனக்கும் நிம்மதி, எனக்கும் கௌரவம். பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டதும் மாற்றிச் சொன்னதும் சேர்ந்து உன் எலும்பில் போய் முடிந்திருக்கிறது. இனி என் கையால் ஒன்று கூடக் கூடாது.

அந்த ஸ்டெம் உனக்காக அனுப்பியது இல்லை.

உன் ஏணிமேல் எனக்குக் கோபம். என்னிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான் என்று கோபம். உனக்கு அறுபது வேண்டும் என்று அவன் தெளிவாக எழுதியிருந்தான். அறுபது என் அலமாரியில் இருந்தது. உன் மாமா எடுத்தும் கொடுத்தார். நான்தான் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நூறை எடுத்துக் கட்டினேன். நீ என்று ஒருத்தி இருக்கிறாய் என்பதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்றே கட்டினேன். முகம் பார்க்காத குழந்தையோடு எனக்கு என்ன வம்பு? அதை நினைத்தால் எனக்கே திகைப்பாக இருக்கிறது. தினமும் இறைவனைக் கும்பிடுகிற கை, அன்று அந்தப் பார்சலையும் கட்டியிருக்கிறது.

நீ அதைத் துடைத்துத் துண்டின்மேல் வைத்தாய் என்று உன் ஏணி எழுதியிருந்தான். அப்போதே நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அதனால் அதற்கு நீ எந்த மரியாதையும் காட்ட வேண்டியதில்லை. அதற்கேற்ற மாதிரி வளர்ந்துகொள்கிறேன் என்று சொன்னாயாம். அம்மா எழுதிய அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. உன் மாமாதான் மிச்சத்தைப் படித்தார். அவர் சத்தமாகப் படிப்பதை இன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தார். "ஆளுக்கு ஏத்த மாதிரிதான் ஸ்டெம். ஸ்டெம்முக்கு ஏத்த மாதிரி ஆள் இல்லைன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அதைக் கழற்றி உன் ஏணியிடம் கொடுத்துவிடு. நீயாகப் போல்ட்டைத் தொடாதே. அறுபதை நாளைக் காலை மாமா தபாலில் சேர்க்கிறார். இந்தத் தடவை உறையின் மேல் உன் பெயர்தான் இருக்கும். ஜூன் மாதத் தேர்வுக்கு நீ போக முடியாது என்று எனக்குத் தெரியும். அது என்னால் போனது. அதற்கு ஈடாக எதையும் கொடுத்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. கோபித்துக்கொள். உனக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் கோபித்துக்கொண்டதைவிட நியாயமான கோபம் அது.

உன் அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். அவளை நான் இன்னும் எந்த உறவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் என்னை அண்ணி என்று எழுதியிருக்கிறாள். அதைப் பலமுறை படித்தேன்.

உன்னை நேரில் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசை என்பதுகூடச் சரியில்லை. பார்க்காமல் இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. டிக்கெட் எடுக்க மாமா தயாராக இருக்கிறார். ஆனால் உன் ஏணியோ அம்மாவோ கூப்பிட்டு நான் வரமாட்டேன். இதில் அடிபட்டவள் நீ. நீ சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. நான் வருந்துவேன், ஆனால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வந்தாலும் வராவிட்டாலும் அறுபது உன்னுடையது. அந்தக் கணக்கு வேறு, இது வேறு.

வலது கையில் கட்டுப் போட்டிருந்தால் இடது கையால் எழுது. கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன். நான் வரலாமா, கூடாதா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அத்தை